படகு கவிழ்வது கரையிலேதான்!



இந்தப் பதிவைச் சற்றுச் சினத்தோடுதான் எழுதுகிறேன். படித்து முடித்தபின் உங்களுக்கு என்மீது சினம் வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஏனெனில், இதில் முதற்குற்றவாளியாக நான் நிறுத்தியிருப்பது என்னைத்தான்.

அண்மையில் எங்கள் பள்ளியின் விடுமுறை முகாம் குறித்துப் பெற்றோரோடு கலந்துரையாடினோம். முகாமில் ஏரியில் படகு செலுத்தும் நடவடிக்கையும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் உடலுக்கேற்ற மிதவை அங்கி இருக்கிறதா என்பதை உறுதிசெய்த பிறகே பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு தந்தை எழுந்தார். “டீச்சர், எங்க பையன் மீன் மாதிரி நீந்துவான். அவனுக்கு எதுக்கு அதெல்லாம்?” என்றார். இன்னொருவர், “நம்ம நேரம் சரியில்லன்னா வீட்டுக்குள்ள உக்காந்திருந்தாலும் வரும் டீச்சர்” என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீடு திரும்பிய பிறகு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ‘நேரம்’, ‘விதி’, ‘எல்லாம் அவன் செயல்’ என்று எத்தனை பெயர்களை வைத்திருக்கிறோம், நம் கவனக்குறைவை மூடி மறைக்க! என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். சிறு படகுகளில் பிள்ளைகள் உயிரிழப்பது பெரும்பாலும் நீரில் தீர்மானிக்கப்படுவதில்லை. கரையில், படகு புறப்படும் முன்பே தீர்மானிக்கப்படுகிறது. தீர்மானிப்பவர்கள் பெரியவர்களாகிய நாம்!

ஒரு நாள், ஒரு கடல், நான்கு பிள்ளைகள்

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் விரிகுடா என்றொரு கடற்பகுதி உண்டு. 1993ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், பிளிமத் நகரத்துப் பள்ளி ஒன்றைச் சேர்ந்த எட்டு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களும் காயாக் படகுகளில் அங்கே கடலில் இறங்கினார்கள். லைம் ரீஜிஸிலிருந்து சார்மத் வரை செல்வது திட்டம். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நண்பகலுக்குள் முடிந்துவிடக்கூடிய சிறு பயணம்.

காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. இது எவ்வளவு வஞ்சகமான காற்று என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். கரையில் நின்று பார்த்தால் நீர் அமைதியாகத் தெரியும். ஏனெனில், அலை எழுவதற்குக் காற்றுக்குத் தூரம் வேண்டும். போகும்போது காற்றே தள்ளிவிடும்; துடுப்புப் போடுவது விளையாட்டாய் இருக்கும். தொலைவு கூடக் கூட அலை உயரும். திரும்ப நினைக்கும்போதுதான், இதுவரை நம்மைச் சுமந்து வந்த அதே காற்று முகத்தில் அறையும். அப்போது கையில் வலு இருக்காது.

அன்று நடந்ததும் அதுதான். ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. ஒரு பயிற்றுநர் அவருக்கு உதவ நின்றுவிட்டார். மற்றொரு பயிற்றுநரும் பிள்ளைகளும் தம் படகுகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு காத்திருந்தனர். காற்று அவர்களைக் கடலுக்குள் இழுத்துச் சென்றது. அலை ஏறி ஒவ்வொரு படகாக நீர் நிரம்பியது. பிள்ளைகள் குளிர்நீரில் கிடந்தார்கள். ஆபத்தை அறிவிக்க வானில் ஏவும் ஒளிச்சுடர் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. கடலோரக் காவல்படைக்குத் தகவல் எட்டியபோது பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. மாலையில்தான் மீட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்துபோனார்கள்.

இதையும் நாம் ‘நேரம்’ என்று சொல்லலாம்தான். ஆனால், நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பயிற்சி மையத்தில் முன்பு பணியாற்றிய இரண்டு பயிற்றுநர்கள், பாதுகாப்பு போதாது, சரிசெய்யுங்கள் என்று அதற்கு முந்திய ஆண்டே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டே விலகியிருந்தார்கள். அந்தக் கடிதம் வழக்கில் பெருஞ்சான்றாயிற்று. 1994ஆம் ஆண்டு, மையத்தை நடத்திய நிறுவனம் உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது. இங்கிலாந்தின் சட்ட வரலாற்றில் ஒரு நிறுவனம் இப்படித் தண்டிக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதன் நிர்வாக இயக்குநர் சிறைக்குச் சென்றார். மறு ஆண்டு, 1995இல், இளையோருக்கான சாகச நடவடிக்கை மையங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்பதற்கு வழிசெய்யும் சட்டம் பிறந்தது.

கவனியுங்கள். கடிதம் எழுதப்பட்டது கரையில். அதைப் பொருட்படுத்தாமல் விட்டது கரையில். ஒளிச்சுடர் இல்லாமல் அனுப்பியது கரையில். போதிய தகுதியில்லாத பயிற்றுநர்களை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்தது கரையில். கடல் செய்தது கடைசி வேலை மட்டுமே!

‘நீந்தத் தெரியும்’ என்னும் மயக்கம்

இனி, மீன் மாதிரி நீந்தும் பிள்ளையின் தந்தைக்கு என் மறுமொழி.

ஐயா, குளிர்நீர் நீச்சல் தெரிந்தவனையும் தெரியாதவனையும் பிரித்துப் பார்ப்பதில்லை. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை ‘ஒன்று – பத்து – ஒன்று’ என்று எளிமையாக்கிச் சொல்லியிருக்கிறார். கடுங்குளிர் நீரில் விழுந்தவுடன் வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும். பிறகு மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். தலை நீருக்குள் இருக்கும் கணத்தில் அந்த முதல் மூச்சு வந்தால் உள்ளே போவது நீர்தான். அந்த மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம். அதன்பின் கைகால்கள் சொன்னபடி கேட்பது ஏறத்தாழப் பத்து நிமிடம். உடலின் உள்வெப்பம் குறைந்து நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

இதன் பொருள் என்ன? குளிர்நீரில் விழுபவர் பலர் ‘உறைந்து’ சாவதில்லை. அதற்கு வெகு முன்பே, மூச்சுத் திணறியோ கை ஓய்ந்தோ மூழ்கிவிடுகிறார்கள். மிதவை அங்கி அணிந்தவருக்கு மட்டுமே அந்த ஒரு மணி நேரம் முழுமையாகக் கிடைக்கும். கை ஓய்ந்த பிறகும் தலையை நீருக்கு மேலே நிறுத்துவது அங்கிதான். பெற்ற பதக்கங்கள் அல்ல.

டென்மார்க்கில், 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், பிரேஸ்டோ கடற்கழியில் பள்ளி ஒன்றின் டிராகன் படகு கவிழ்ந்தது. படகில் பதின்மூன்று மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தனர். நீரின் வெப்பநிலை 2 பாகை மட்டுமே. ஏழு மாணவர்களின் இதயம் நின்றுவிட்டது. மருத்துவர்கள் அவர்களின் குருதியை உடலுக்கு வெளியே எடுத்து வெப்பமூட்டி, ஏழு பேரையும் மீட்டெடுத்தனர். உலக மருத்துவர்கள் வியந்து பேசிய செய்தி அது. ஆனால், ஓர் ஆசிரியர் திரும்பி வரவில்லை. பிப்ரவரியில், அந்த நீரில், ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்வியைக் கரையில் கேட்டிருந்தால், அந்த அருஞ்செயலுக்கே தேவை இருந்திருக்காது.

‘நம் நாட்டில் ஏது குளிர்?’

இந்த வினாவும் வரும் என்று எனக்குத் தெரியும். உண்மைதான். நம் கடலில் குளிர் அதிர்ச்சி இல்லை. ஆனால், காற்றும் அலையும் நீரோட்டமும் இல்லையா?

வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையைப் புரட்டி எடுக்கிறது. திரங்கானுத் தீவுகளின் தங்குவிடுதிகள் அப்போது மூடப்படுவது எதற்காக? மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் ஏப்ரல் முதல் நவம்பர் வரை ‘சுமத்ரா’ என்னும் சூறைக்காற்று வருவதுண்டு. பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ திடுமெனப் பாயும். மலைப்பகுதி ஏரிகளில் பிற்பகல் மழையோடு காற்று இறங்கும். நீர் நம் உடலின் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உறிஞ்சும். பத்து வயதுப் பிள்ளையின் மெலிந்த உடல் நனைந்த சட்டையோடு காற்றில் அமர்ந்திருந்தால், வெப்ப நாட்டிலும் நடுங்கத்தான் செய்யும்.

நம் பகுதியும் விலை கொடுத்திருக்கிறது. 2007 நவம்பர் 23ஆம் நாள் கம்போடியாவின் நோம்பென் நகரில், தோன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூர் தேசியக் குழுவின் டிராகன் படகு கவிழ்ந்தது. படகில் இருபத்திரண்டு பேர், ஐவர் இறந்தனர். நாட்டுக்காகத் துடுப்புப் போட்ட உடல்வலு மிக்க இளைஞர்கள். அவர்கள் மிதவை அங்கி அணிந்திருக்கவில்லை. 2010 சனவரி 17ஆம் நாள் பினாங்குக் கடலில் பள்ளி மாணவர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்த டிராகன் படகு கவிழ்ந்தது. ஓர் ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் மாண்டனர். அந்த ஆசிரியரும் நம்மைப் போல் வார இறுதியில் புறப்பாடத்துக்காகப் போனவர்தான்.

இன்னொன்றும் உண்டு. நம் தமிழ்ப்பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலர் இன்று மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறார்கள். அங்கே வெயில் அடிக்கும் ஒரு வசந்தகால நாளில் நண்பர்கள் காயாக் படகில் அழைப்பார்கள். வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு ஏறுவான் நம் பிள்ளை. கரையில் வெயில் காய்ந்தாலும் நீர் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும் என்பதை அவனுக்கு யார் சொன்னார்கள்? காற்றுக்கு அல்ல, நீருக்கேற்ப உடுத்த வேண்டும் என்பதை நாம் எந்த வகுப்பில் கற்பித்தோம்?

என் குற்றம்

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நடந்தது. பயிற்சிக் காலத்தில் பாடத்திட்டம் எழுதக் கற்றேன். கரும்பலகையில் நேராக எழுதக் கற்றேன். காற்றைப் படிக்கக் கற்கவில்லை. ஒரு மலைப்பகுதி ஏரிக்கு மாணவர் முகாமுக்குச் சென்றோம். பள்ளியின் பெயரும் ஏரியின் பெயரும் வேண்டாம். இயந்திரம் பொருத்திய சிறு படகு. பன்னிரண்டு பிள்ளைகள். மிதவை அங்கிகள் ஐந்தோ ஆறோ இருந்தன. அத்தனையும் பெரியவர்களுக்கானவை, இரண்டில் கொக்கி உடைந்திருந்தது. ‘ஏரிதானே’ என்றார் படகோட்டி. ‘பிள்ளைகள் ஆசையோடு வந்திருக்கிறார்கள்’ என்றார் எங்கள் மூத்த ஆசிரியர். எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால், நான் புதியவள். பெரியவர் முன் எப்படி மறுத்துப் பேசுவது? வாயை மூடிக்கொண்டு ஏறினேன்.

ஏரியின் நடுவே மழை பிடித்தது. காற்று மாறியது. இயந்திரம் நின்றுபோனது. படகு பக்கவாட்டில் திரும்பி, அலை உள்ளே தெறித்தது. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என் அருகில் அமர்ந்திருந்தான். உதடு கறுத்து நடுங்கினான். வேறொரு படகு வந்து கயிறு வீசியபோது, அந்தக் கயிற்று நுனி அவன் மடியில்தான் விழுந்தது. பிடிக்கச் சொன்னேன். அவனால் விரலை மடக்க முடியவில்லை. “டீச்சர், கை என் பேச்ச கேக்கல” என்றான். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

நல்லவேளையாக எல்லாரும் கரை சேர்ந்தோம். சூடான மைலோ கொடுத்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். முகாம் அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. நான் எழுதிய வரி இது: ‘முகாம் எவ்விதத் தடங்கலுமின்றி இனிதே நடைபெற்றது.’

நண்பர்களே, அந்த ஏரியைவிடக் கொடியது அந்த வரி. ஒன்றும் நடக்கவில்லை என்பதால் மறு ஆண்டும் அதே ஏரி, அதே படகு, அதே உடைந்த கொக்கிகள். மறு ஆண்டு போனவர்களுக்கு எச்சரிக்கை ஏதும் கிடைக்கவில்லை. ஏனெனில், எழுத வேண்டியவள் எழுதவில்லை. லைம் விரிகுடாவில் நிகழ்ந்ததை நான் படித்தறிந்தது பல ஆண்டுகள் கழித்து. படித்து முடித்தபோது என் மனத்தில் நின்றது கடல் அன்று; அந்த இரண்டு பயிற்றுநர்கள் எழுதிய கடிதம். அவர்கள் எழுதினார்கள். நான் எழுதவில்லை.

‘அப்படியானால் எங்கும் போகவே வேண்டாமா?’

போகத்தான் வேண்டும்! தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளி அழைத்துச் சென்றால்தான் ஏரியும் கடலும். அந்த வாய்ப்பைப் பறிக்க எனக்கு மனமில்லை. உரிமச் சட்டம் வந்த பிறகு பிரிட்டனில் பிள்ளைகள் படகேறுவதை நிறுத்திவிடவில்லை, ஒழுங்கோடு ஏறுகிறார்கள். நான் கேட்பதும் ஒழுங்கைத்தான்.

ஆசிரியர்களே, படகில் ஏறும் முன் கரையிலே கேட்க வேண்டியவை சிலவே:

1. இன்றைய வானிலை அறிவிப்பு என்ன? காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது? நிலத்திலிருந்து நீரை நோக்கி வீசினால், அமைதியான நீரை நம்பாதீர்கள்.

2. ஒவ்வொருவருக்கும், ஆசிரியர் உட்பட, அளவான மிதவை அங்கி உண்டா? கொக்கியை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி முகவாயைத் தாண்டி மேலேறினால் அது அந்தப் பிள்ளைக்குரியது அன்று. அங்கி படகில் கிடந்தால் போதாது; உடலில் இருக்க வேண்டும்.

3. படகு எத்தனை பேரைத் தாங்கும்? இன்னும் ஒருவர்தானே என்ற பேச்சுக்கு இடமில்லை.

4. உதவி கேட்க என்ன இருக்கிறது? நீர் புகாத உறையில் கைப்பேசி, ஒவ்வொரு அங்கியிலும் விசில். துணைக்கு வேறொரு படகு உண்டா?

5. எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் இருப்பவருக்குத் தெரியுமா? அந்த நேரம் தாண்டினால், ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திராமல் அவர் 999க்கு அழைப்பாரா?

பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். படகு கவிழ்ந்தால் கரை அருகில் தெரிகிறதே என்று நீந்தப் புறப்படாதே, படகைப் பிடித்துக்கொள். முதலில் மல்லாந்து மித, மூச்சு அடங்கட்டும். முழங்காலை மார்போடு சேர்த்துக்கொள். பலர் இருந்தால் ஒருவரையொருவர் அணைத்தபடி நெருங்கி இருங்கள். குளிர்ந்து விறைத்தவரை மீட்டால், கைகாலைத் தேய்க்காமல், நடக்கவிடாமல், மெல்லப் படுக்கவைத்து, ஈர உடையைக் களைந்து போர்த்த வேண்டும்.

பெற்றோர்களே, அனுமதிப் பாரத்தைப் பையிலிருந்து எடுத்ததும் கையெழுத்திட்டு அனுப்பிவிடாதீர்கள். மேற்கண்ட ஐந்தையும் எங்களிடம் கேளுங்கள். கேட்டால் ஆசிரியருக்குச் சங்கடமாக இருக்கும் என்று தயங்க வேண்டாம். சங்கடப்படட்டும்! பதில் சொல்ல முடியாத ஆசிரியர் படகேற்றக் கூடாது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விருந்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒதுக்கிச் சிறுவர் அளவு மிதவை அங்கிகளை வாங்கிப் பள்ளியில் வையுங்கள்.

தலைமையாசிரியர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. நீரோரம் நிற்கும் இளைய ஆசிரியர் ஒருவர், ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால், அவரைக் கோழை என்று எண்ணாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். பேருந்து வாடகை வீணானால் ஆகட்டும். அந்தச் சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது, சொல்லாமல் விட்ட எனக்குத் தெரியும்.

இம்முறை எங்கள் முகாமில் படகு உண்டா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. முன்னதாகவே அந்த ஏரிக்கு ஒருமுறை போய், அங்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கப்போகிறேன். கொக்கி உடைந்திருந்தால் எழுத்திலேயே தெரிவிப்பேன். அன்று காற்று சரியில்லை என்றால் பிள்ளைகளைக் கரையில் உட்காரவைத்துக் கதை சொல்வேன். முகம் வாடுவார்கள், வாடட்டும். வாடிய முகத்தோடு வீடு திரும்பிய பிள்ளையை மறுநாள் சிரிக்கவைத்துவிடலாம்.

சிந்திப்போம், செயல்படுவோம். மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியை